கூண்டுக்கோழி எருவும் நம் வயல் கணக்கும்



எங்கள் குழு மாதம் ஒருமுறை திருவையாறு பக்கம் யாராவது ஒருவர் வயலில் கூடும். இயற்கை வழிக்குப் புதிதாக வருகிறவர்கள் அங்கே என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "யூரியா, டி.ஏ.பி. எல்லாத்தையும் நிறுத்திட்டேன் சார். வீட்ல மாடு இல்ல. நாமக்கல்லேருந்து கோழி எரு ஒரு லோடு இறக்கிடவா?"

ஆறு வருடம் நான் "தாராளமா இறக்குங்க" என்றுதான் சொன்னேன். நானும் இறக்கினேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அதற்கான காரணத்தில் பாதி மண் சம்பந்தப்பட்டது, பாதி மனசாட்சி சம்பந்தப்பட்டது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும் என்பதால் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன். கோழிப்பண்ணை வைத்திருக்கும் சகோதரர்களைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமல்ல. குற்றம் என்று பார்த்தால் என் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கும். படித்தால் தெரியும்.

கடன் கொடுத்தவன் நான்

நான் வணிகவியல் படித்தவன். 1983-ல் வங்கியில் சேர்ந்து 31 வருடம் வேலை பார்த்தேன். வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். 1996 முதல் 2000 வரை நாமக்கல் பக்கம் ஒரு கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அது சேலம் மாவட்டம். 1997 ஜனவரியில்தான் நாமக்கல் தனி மாவட்டமானது.

காவிரிப் பாசனத்திலேயே வளர்ந்த எனக்கு அந்த மேட்டு நிலம் புதுசு. மழை பொய்த்துக் கிணறு வற்றியவர்கள் லாரி வாங்கினார்கள், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வாங்கினார்கள், கோழிப்பண்ணை போட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் டாக்டர் பி.வி. ராவ் முன்கை எடுத்துத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்த பிறகு, முட்டைக்கு விலை சொல்லும் உரிமை ஓரளவு பண்ணையாளர் கைக்கு வந்திருந்தது. உழைக்க அஞ்சாத மக்கள். நான் கொடுத்த கோழிக் கடன்களில் வாராக்கடன் என்று ஒன்றுகூட இல்லை. அதில் எனக்குப் பெருமை. பதவி உயர்வும் கிடைத்தது.

கடன் கொடுக்குமுன் கள ஆய்வுக்குப் போவோம். கொட்டகை நீள அகலம், கூண்டுச் செலவு, குஞ்சு விலை, தீவனம், வளரும் பருவத்தில் சாவு எத்தனை விழுக்காடு, முட்டையிடும் பருவத்தில் எத்தனை, 72 வாரம் முடிந்து கழிக்கும் கோழி என்ன விலைக்குப் போகும் என்று எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் இருக்கும்.

ஒரு பண்ணையில் ஒன்றேகால் அடிக்கு ஒரு அடி அளவுள்ள கூண்டில் மூன்று கோழிகள் நின்றன. புதுசாக வந்தவன் ஆயிற்றே, வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் எடம் விடலாமே?" என்றேன். பண்ணைக்காரர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "எடம் உட்டா தவணை யாருங்க சார் கட்றது? நீங்க குடுக்கற வட்டிக்குத்தானுங்க நானு கோழிய நெருக்கறன்."

நானும் சிரித்தேன். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன். அவர் சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை, நேரான கணக்கு என்று புரிய எனக்கு இருபது வருடம் ஆனது.

ஒரு கோழிக்கு எவ்வளவு இடம்?

உங்கள் வீட்டில் இருக்கும் ஏ4 தாளை எடுத்துத் தரையில் வையுங்கள். 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ., அதாவது சுமார் 624 சதுர செ.மீ. நம் நாட்டில் கூண்டு முறையில் ஒரு கோழிக்கு வழக்கமாகச் சொல்லப்பட்டுவந்த இடம் 450 சதுர செ.மீ. தாளில் முக்கால் பாகம்கூட இல்லை. நான் பார்த்த அந்தக் கூண்டில் தலைக்கு 387 சதுர செ.மீ.தான் வந்தது. ஒரு கோழி இறக்கையை ஒருமுறை அடித்துக்கொள்ள ஏறக்குறைய இதைப்போல நான்கு மடங்கு இடம் வேண்டும்.

கொல்லையில் கோழி என்னென்ன செய்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். விடிந்ததும் காலால் சீய்க்கும். வெயில் ஏறினால் புழுதியில் புரண்டு பேனை உதிர்க்கும். முட்டை வந்தால் மறைவான மூலை தேடும். பொழுது சாய்ந்தால் உயரத்தில் ஏறி அடையும். கூண்டில் இந்த நான்கில் ஒன்றும் முடியாது. தரையும் கம்பி, அதுவும் முட்டை உருண்டு வர வாட்டமாகச் சரித்த கம்பி. நெருக்கத்தில் ஒன்றை ஒன்று கொத்தும் என்பதால், குஞ்சாக இருக்கும்போதே சூடேற்றிய தகட்டால் அலகின் நுனியை வெட்டிவிடுவார்கள். கோழியை இடத்துக்கு ஏற்ப வெட்டுகிறோமே தவிர, இடத்தைக் கோழிக்கு ஏற்ப மாற்றுவதில்லை.

முட்டைக் கணக்கும் பாருங்கள். கோழியின் மூதாதையான காட்டுக்கோழி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். நம் சிறுவிடைக் கோழி அறுபது எழுபது. கூண்டு இனம் முந்நூறுக்கு மேல். ஒவ்வொரு ஓட்டுக்கும் இரண்டு கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து போகிறது. தீவனத்தில் கொடுத்தாலும் எலும்பிலிருந்தும் எடுத்துத்தான் ஓடு கட்டும். எலும்பு நொய்ந்து, எழுந்து நிற்க முடியாமல் போகும் கோழிகள் உண்டு. கூண்டுக் களைப்பு என்றே அதற்குப் பெயர்.

இன்னொன்று. முட்டை இனத்தில் பொரிக்கும் குஞ்சில் பாதி சேவல். அது முட்டை இடாது, சீக்கிரம் கறியும் போடாது. அதனால் பொரித்த அன்றே அழிக்கப்படுகிறது, அல்லது கூடைக்காரர் கைக்குப் போகிறது. நம் ஊர்த் திருவிழாவில் பச்சை, ஊதா, ரோஸ் என்று சாயம் தோய்த்து விற்கிறார்களே, பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கி மூன்றாம் நாள் செத்துப் போகுமே, அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் இவைதான்.

கறிக்கோழி: கொட்டகை யாருடையது, கோழி யாருடையது?

முட்டைக்கோழி நாமக்கல்லில் இருக்கிறது. கறிக்கோழி நம் பக்கமே வந்துவிட்டது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை சாலைகளில் போனால் தென்னந்தோப்புக்குள் நீளக் கொட்டகைகள் தெரியும். ஒப்பந்த முறை. குஞ்சு, தீவனம், மருந்து நிறுவனத்துடையது. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், கீழே பரப்பும் உமி, ராப்பகலாக விழித்திருக்கும் குடும்பம் எல்லாம் விவசாயியுடையது. சுமார் நாற்பது நாளில் இரண்டு கிலோ வந்ததும் எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. கோழி அவருடையது இல்லை. அதன் விலையும் அவர் கையில் இல்லை.

கறிக்கோழியின் வளர்ச்சி பற்றிக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். 1957-ஆம் வருட இனத்தையும் 2005-ஆம் வருட இனத்தையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் பழைய இனம் 905 கிராம், புது இனம் 4,202 கிராம். ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று ஊரில் பேசுவது சரியல்ல. இந்த வேகம் இனத்திலேயே புகுத்தப்பட்டது. சதை வளர்ந்த வேகத்துக்குக் காலும் இதயமும் வளர்வதில்லை. அதனால்தான் கத்திரி வெயிலில் இரண்டு மணிநேரம் மின்சாரம் போனால் கொட்டகையில் கோழிகள் கொத்தாக விழுகின்றன.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது நம் யாருக்கும் மறக்காது. என் உறவுக்காரப் பையன் ஒருவர் பட்டுக்கோட்டை பக்கம் கறிக்கோழி வளர்த்துவந்தார். தகரம் பறந்து, கொட்டகை சாய்ந்து, மூவாயிரத்துச் சொச்சம் கோழி நனைந்து நசுங்கிச் செத்தன. மூன்று நாள் கழித்து நான் போனபோது அவர் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார். "மாமா, தென்னை போனதுக்குக் கணக்கு எழுதுறாங்க. கோழி என்னுது இல்ல, கொட்டகைக் கடன் மட்டும் என்னுது" என்றார். அந்தக் கடனும் ஏதோ ஒரு வங்கி கொடுத்ததுதானே. நான் ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன்.

கூண்டு கோழியை மட்டும் அடைப்பதில்லை என்று அன்றைக்குப் பட்டது. ஆனால் அப்போதும் என் வயலில் கோழி எருதான் கிடந்தது.

லாரியில் வந்த எரு

2014-ல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, அப்பா விட்டுப்போன நாலு ஏக்கருக்குத் திரும்பினேன். நஞ்சில்லாமல் தூயமல்லியும் கருப்புக்கவுனியும் போடுவது என்று முடிவு. முதல் சம்பாவில் பயிர் வெளுத்துப்போய் நின்றது. பக்கத்து வயல்காரர் சொல்லி, 2015-ல் பத்து டன் கோழி எரு இறக்கினேன்.

அதில் சத்து இருக்கிறது, மறுக்க முடியாது. தொழு உரத்தில் தழைச்சத்து அரை விழுக்காடு அளவில்தான் இருக்கும். உலர்ந்த கோழி எருவில் மூன்று விழுக்காடு வரை உண்டு, மணிச்சத்தும் அதிகம். பயிர் ஒரே மாதத்தில் கரும்பச்சை ஆனது. ஏக்கருக்கு 22, 23 மூட்டை வந்தது. "வங்கிக்காரர் வயலைப் பாருங்க" என்று ஊரில் பேசினார்கள்.

கூடவே இலைச்சுருட்டுப் புழுவும் வந்தது, பயிரும் சாய்ந்தது. தழைச்சத்து ஒரேயடியாகக் கிடைத்தால் பயிர் கொழுகொழுவென்று வளர்ந்து பூச்சியைக் கூப்பிடும். யூரியா போட்ட காலத்திலும் இதே கதைதான். யூரியாவை விட்டுவிட்டேன் என்று நான் நினைத்தேன், மூட்டையை மட்டும்தான் மாற்றியிருந்தேன்.

2020-ல் எரு இறைக்கும்போது களையெடுக்க வரும் அக்கா ஒருவர் கூடையைக் கீழே வைத்துவிட்டார். "என்னங்கய்யா இது, எரு வாடை இல்லியே, ஆஸ்பத்திரி வாடைல்ல அடிக்குது. இந்தக் கோழியெல்லாம் மண்ணையே மிதிச்சிருக்காது போலருக்கே" என்றார். குவியலைக் கிளறினால் இறகு, உடைந்த ஓடு, ஒரு சின்ன மருந்துக் குப்பி. எனக்கு அந்த ஒன்றேகால் அடிக் கூண்டு நினைவுக்கு வந்தது. அந்தக் கூண்டுக்குக் கடன் கொடுத்தவனும் நான், அதன் அடியில் விழுந்ததை விலைக்கு வாங்கி "நஞ்சில்லா அரிசி" என்று பை ஒட்டி விற்பவனும் நான்.

மருந்து விஷயம் சின்னதல்ல. நெருக்கத்தில் நோய் பரவும் என்று பயந்து தீவனத்திலும் தண்ணீரிலும் நுண்ணுயிர்க்கொல்லி கலக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. மனிதருக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தே கோழித் தீவனத்தில் இருந்தது. 2019 ஜூலையில்தான் நடுவண் அரசு அதைத் தடை செய்தது. மருந்தின் ஒரு பகுதி எச்சத்தோடு வெளியே வரும். மருந்துக்கு அடங்காத கிருமியும் வரும். அதை மண்ணில் போட்டுவிட்டு, மேலே பஞ்சகவ்யம் தெளித்து நுண்ணுயிரைப் பெருக்குகிறோம் என்று சொல்வது என்ன நியாயம்?

விதி என்ன சொல்கிறது?

நம்மில் பலர் சான்றிதழுக்காகப் பதிந்தவர்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையம், இயற்கை விளைபொருளுக்கான வழிகாட்டு நெறியை 1999-ல் வெளியிட்டது. 2001-ல் கால்நடைப் பகுதியைச் சேர்த்தது. எரு பற்றிய இடத்தில், ஆலைப் பண்ணைகளின் எரு அனுமதியில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. இயற்கை வேளாண்மை ஏற்காத மருந்தையும் தீவனத்தையும் பெரிதும் நம்பி நடக்கும் தொழிற்சாலைமுறை வளர்ப்பையே ஆலைப் பண்ணை என்கிறது. கோழியைக் கூண்டில் வைக்கக் கூடாது, திறந்த வெளியில் உலவ விட வேண்டும் என்பதும் அதே நெறியில் உண்டு. வெளியிலிருந்து எரு வாங்குமுன் உங்கள் சான்றளிப்பு நிறுவனத்திடமோ, குழுச் சான்று என்றால் உங்கள் குழுவிடமோ, கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, விலங்கு ஓரளவு அசைந்து நடமாடக்கூட இடமில்லாத கூண்டில் அடைப்பதைக் குற்றம் என்கிறது. முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்பு பற்றியே இந்தியச் சட்ட ஆணையம் 2017 ஜூலையில் 269-ஆவது அறிக்கையைக் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த வெறும் கம்பிக் கூண்டு 2012 ஜனவரி 1 முதல் கிடையாது.

2014-ல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நாம் எல்லோரும் எதிர்த்தோம். 2017-ல் ஊர் ஊராகத் திரண்டோம். அந்தத் தீர்ப்பில்தான் விலங்குகளின் ஐந்து விடுதலைகள் பேசப்பட்டன: பசி தாகம் இல்லாமல் இருத்தல், வசதிக்குறைவு இல்லாமல் இருத்தல், வலி நோய் இல்லாமல் இருத்தல், அச்சம் இல்லாமல் இருத்தல், தன் இயல்புப்படி நடந்துகொள்ளல். "எங்கள் காளையை நாங்கள் பிள்ளையாக வளர்க்கிறோம்" என்று அன்று சொன்னோம். உண்மைதான் சொன்னோம். அதே அளவுகோலைக் கூண்டுக்கோழிக்கு வைத்துப் பார்த்தால் ஐந்தில் எத்தனை தேறும்? கன்றுக்காகப் பசு மணி அடித்ததும் அரசன் இறங்கி வந்தான் என்ற கதையை நாம் திருவாரூரில் கல்தேராகவே வைத்திருக்கிறோம். அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும், கூடவே கொஞ்சம் கூச்சமும் இருக்கட்டும்.

மூன்று எதிர்க்கேள்விகள்

குழுவில் இதைப் பேசியபோது மூன்று கேள்விகள் வந்தன. மூன்றும் நியாயமானவை.

ஒன்று: "வெட்டித் திங்கப்போற கோழிக்கு எடம் என்னத்துக்கு சார்?" நான் சைவம் வைணவம் பேச வரவில்லை. எங்கள் ஊர் முனீஸ்வரனுக்குச் சேவல் விடுகிறார்கள். விருந்தாளி வந்தால் அடிக்கிறார்கள். ஆனால் அந்த நாள் வரைக்கும் அது கோழியாகவே வாழ்ந்தது. சாவு ஒரு நாள். 72 வாரம் என்பது ஐந்நூற்று நாலு நாள். அந்த நாட்களுக்கு நாம் பொறுப்பா இல்லையா என்பதுதான் கேள்வி. உண்பதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும்.

இரண்டு: "அப்ப பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு முட்டை?" இதுதான் கடினமான கேள்வி. சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010-ல் வாரத்துக்கு ஐந்து என்று ஆனது. நாமக்கல் இல்லாமல் அது நடந்திருக்காது. எங்கள் ஊரில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டிலிருந்து முட்டையை எடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. கிராமத்துப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கும் அரசுத் திட்டங்கள் வந்திருக்கின்றன. கொடுத்த குஞ்சு போட்ட முட்டையில் ஒரு பங்கை அந்த ஊர்ப் பள்ளியே நல்ல விலைக்கு வாங்கலாமே. முழுத் தேவையும் அதில் அடங்காது. ஒரு நாள் முட்டையாவது அடங்கும். கூண்டிலும் இடம் கூட்டினால் முட்டைக்குச் சில காசு ஏறும். அந்தக் காசைப் பண்ணையாளர் தலையில் கட்டாமல் அரசும் கடைக்காரரும் உண்பவரும் பகிர வேண்டும். வட்டியில் கொஞ்சம் வங்கியும் விட்டுக்கொடுக்கட்டும் என்று முன்னாள் வங்கிக்காரனாகச் சொல்கிறேன்.

மூன்று: "பண்ணைக்காரன் பொழப்பு?" அவர் நம் எதிரி இல்லை. நம் ஆலைத் தவிடு அவர் தீவனத்துக்குப் போகிறது, நம் உமி கொட்டகைத் தரைக்குப் போகிறது, திரும்பி எருவாக வருகிறது. டெல்டா அந்தத் தொழிலின் பங்காளி. பங்காளி என்ற முறையில்தான் நாம் முதலில் நம் பங்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நான் செய்தது

2021-ல் எரு லாரியை நிறுத்தினேன். ஒரேயடியாக நிறுத்த பயம். முதலில் ஒரு மா நிலத்தில் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் முழுக்க நிறுத்தினேன். வயலுக்குச் செய்தவை மூன்று.

1. மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45-ஆம் நாள் பூக்கும் சமயம் மடக்கி உழுகிறேன். நம் இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொன்ன பலதானிய விதைப்பை மேட்டுப்பாங்கான ஒரு மாவில் செய்கிறேன்.

2. கோடையில் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் வரும்போது ஆட்டுக்கிடை போடுகிறேன். புழுக்கையும் மூத்திரமும் இறங்கிய மண் இரண்டு போகத்துக்குத் தாங்கும்.

3. தையில் அறுப்பு முடிந்ததும் மேய்ச்சல் வாத்துக்காரர்களுக்கு வயலைத் திறந்துவிடுகிறேன். சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்றுவிட்டு எருவை விட்டுப் போகின்றன.

மகசூல் குறைந்தது. மறைக்க மாட்டேன். தூயமல்லி முதல் வருடம் ஏக்கருக்கு 16 மூட்டை, அடுத்த வருடம் 17. வீட்டில் சண்டை வந்தது. "பேங்க்ல கணக்கு பாத்தவரு இப்ப கோழிக்குப் பாவம் பாக்குறாரு" என்று மனைவி சொன்னார். மூன்றாம் வருடம் 19, போன சம்பாவில் 20. பழைய 23 இன்னும் வரவில்லை. ஆனால் பயிர் சாயவில்லை. பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அடிப்பதும் பாதிக்கு மேல் குறைந்தது. எரு, லாரி வாடகை இல்லாததால் கையில் நிற்பது ஏறக்குறைய அதேதான்.

கொல்லையில் 25 கோழி

கூடவே கோழியும் வளர்க்கிறேன். இதன் எரு நாலு ஏக்கருக்குக் காணாது, காய்கறிப் பாத்திக்குத்தான் காணும். வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

இனம்: சிறுவிடை நம் கொல்லைக்கு ஏற்றது. அடை உட்கார்ந்து 21 நாளில் தானே பொரித்துக் குஞ்சைக் காக்கும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். பெருவிடை சண்டைக்காரன், கூட்டத்துக்கு ஆகாது.

கூடு: இரவுக்கு மட்டும்தான். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் என்பதால் தரையிலிருந்து மூன்று அடி தூக்கி, மூங்கில் பட்டை அடித்துக் கட்டுங்கள். வடக்குப் பக்கம் அடைப்பு வேண்டும், வாடைக்காற்றில் குஞ்சு விறைத்துவிடும். நாலைந்து பெட்டைக்கு ஒரு முட்டைப் பெட்டி. கீரிக்கும் பாம்புக்கும் சந்து விடாதீர்கள்.

தீனி: பகலில் வாழைக்கொல்லையிலும் தென்னைக்கடியிலும் மேயும். மாலையில் நொய்யும் தவிடும் ஒரு கை. பழைய பானையில் சாணமும் வைக்கோலும் ஈரச்சாக்கும் திணித்து இரவு கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் கிடைக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. நாற்றங்காலுக்கும் கதிர் முற்றும் வயலுக்கும் கோழியை விடக் கூடாது.

நோய்: இதில் என் பிடிவாதத்தால் நான் பட்டதைக் கேளுங்கள். "இயற்கை என்றால் ஊசி கிடையாது" என்று முதல் வருடம் தடுப்பூசி போடவில்லை. மாசியில் வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் 26-ல் 19 போய்விட்டன. கழுத்து முறுகிக்கொண்டு அவை கிடந்ததைப் பார்த்தபோது, கூண்டில் அடைத்தவன் மட்டும்தான் கொடுமைக்காரன் என்று நினைத்தது எவ்வளவு தப்பு என்று தெரிந்தது. கவனியாமல் விடுவதும் கொடுமைதான். ஏழாம் நாள் லசோட்டா சொட்டு, எட்டாம் வாரம் இறக்கைக்கடியில் ஊசி. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போடுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். இயற்கைத் தர நெறியும் தேவையான தடுப்பூசியை மறுப்பதில்லை.

வரவு: பெட்டைக்கு வருடம் அறுபது எழுபது முட்டை. பாதி அடைக்கு, மீதி வீட்டுக்கும் நாலு வாடிக்கையாளருக்கும். இதில் யாரும் பணக்காரர் ஆக முடியாது. ஆனால் முட்டையை முழு விலை கொடுத்துத் தின்றால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரிந்தது. வாரத்துக்கு நாலு தின்றவர்கள் இரண்டு தின்கிறோம்.

குழுவில் பேச

அடுத்த கூட்டத்தில் இந்த நான்கு கேள்விகளையும் வட்டமாக உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

1. நம் வயலுக்கு வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு உரமும் எந்த உயிரின் உடம்பிலிருந்து, எந்த நிலையில் வருகிறது என்று நமக்குத் தெரியுமா?

2. கோழி எருவை நிறுத்தினால் மகசூல் குறையும் இரண்டு வருடத்தைப் புதிய உழவர் எப்படித் தாங்குவது? கிடைக்கும் தக்கைப்பூண்டு விதைக்கும் குழு என்ன உதவி செய்யலாம்?

3. நம் ஊர்ப் பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் முட்டையை நம் கொல்லைகளே கொடுக்க முடியுமா? எத்தனை வீடு, எத்தனை கோழி வேண்டும்?

4. "நஞ்சில்லா" என்று பையில் எழுதுகிறோம். அதற்குப் பக்கத்தில் வேறு என்ன எழுத நமக்குத் தகுதி இருக்கிறது?

நாலாவது கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. உங்கள் குழுவில் என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். அந்த நாமக்கல் பண்ணைக்காரரையும் ஒருநாள் போய்ப் பார்த்து, அன்று அவர் சொன்ன வட்டிக் கணக்கு எனக்கு இப்போதுதான் புரிந்தது என்று சொல்ல வேண்டும் என்றிருக்கிறேன்.